இரண்டு கையும் தூக்கிய பாய்லர்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் நிக்கிஃபோர் ஷோல்த்ரா ஆண்டகையின் படம். உள்ளே, "ஆட்டுக்குட்டியைப் போன்ற சாந்தம் உடையவர், ஒருவரையும் கடிந்து பேசாதவர்" என்று அச்சடித்திருக்கிறது. எழுதிய குருவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஷோல்த்ராவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நான் இருபத்தேழு வருஷம் பார்த்தேன், ஒரே நெருப்புக்கு முன்னால் நின்று. சாந்தமாம்! அந்த மனுஷனின் நாக்கு என் தீக்கோலைவிடச் சூடு. நானும் அவரை ஒன்றும் கொஞ்சவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் ஹ்னாத் பிலிபிவ். படிப்பு நாலாம் வகுப்பு, அதிலும் கடைசி வருஷம் பாதி. ஆனால் கொலோமியாவில் குளியல்கூடம், சலவைக்கூடம், ஐந்து குடியிருப்புக் கட்டடம் இத்தனைக்கும் சூடு கொடுத்த பாய்லர் அறைக்குப் பத்தொன்பது வருஷம் தலைவனாக இருந்தவன் நான். பொறியியல் படித்து வந்தவர்கள் பிரஷர் முள்ளைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். நான் குழாயில் காதை வைத்து எந்த வால்வு திணறுகிறது என்று சொல்வேன். அப்போது நெஞ்சில் உழைப்புப் பதக்கம் இரண்டு. யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை.

ஷோல்த்ரா என்னிடம் வந்தது ஐம்பத்தேழாம் வருஷம். பத்து வருஷம் முன்னால் மாஸ்கோ ஆட்சிக்காரர்கள் எங்கள் கிரேக்கக் கத்தோலிக்கச் சபையே இல்லை என்று காகிதத்தில் எழுதி மூடிவிட்டார்கள். குருக்கள் மாஸ்கோ சபையில் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவனுக்குக் கோவில், போடாதவனுக்கு வடக்கே போகும் ரயில். இவர் போடவில்லை. வடக்கே இந்தா என்கிற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, பல் பாதி இல்லாமல் திரும்பி வந்தார். படித்தவர் வேலை எதுவும் கொடுக்கக் கூடாது என்று அவர் தாளில் முத்திரை குத்தியிருந்தது. கரி அள்ளத்தான் அனுப்பினார்கள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறைக்க மாட்டேன். நான் அநாதை. ஏழு வயதிலிருந்து ஒரு குருவின் வீட்டு மாடு மேய்த்தவன். எங்கள் பக்கம் குருக்கள் கல்யாணம் செய்து, நிலம் வைத்து, துரைமார் மாதிரி இருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் எனக்குப் புளித்த பாலை நாய்த்தட்டில் ஊற்றுவாள். ஷோல்த்ராவும் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. லத்தீனும் ஜெர்மனும் தெரியும். துறவறம் வாங்கி, கல்யாணம் கட்டாதவர் என்பது ஒன்றுதான் வித்தியாசம். இப்போது அவர் என் கையாள்.

முதல் நாளே சாம்பல் வண்டியைக் காட்டினேன்.

"வாங்க சாமி. பூசை இங்கதான். தூபத்துக்குக் குறைச்சலே இல்ல."

வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து என் புகைபோக்கியைப் பார்த்தார்.

"மேஸ்திரி, அது ஒரு பக்கமா சாஞ்சிருக்கே. நீங்க கட்டினதா?"

நான் கட்டியதுதான். சாய்ந்தும்தான் இருந்தது, நாலு விரல். பத்தொன்பது வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அதற்கப்புறம் எங்களுக்குள் சமாதானமே கிடையாது. புதன், வெள்ளியில் அவர் கொழுப்பு தொட மாட்டார். நான் வேண்டுமென்றே அவர் முன்னால் உட்கார்ந்து பன்றிக்கொழுப்பைப் பூண்டோடு சீவிச் சீவித் தின்பேன். "வேணுமா சாமி? வாசனைக்கு விரதம் உண்டா?" என்பேன். "உங்க வாயை மூடிக்கிட்டுத் தின்னா எனக்கு அதுவே போதும்" என்பார். நான் அதட்டினால் அதட்டல் திரும்ப வரும். ஆனால் நெருப்பு வைப்பதில் குறை சொல்ல முடியாது. கரியை விசிறி மாதிரி பரப்பி எறிவார். நானே கற்றுக்கொடுத்த மூன்று பேருக்கு அது கடைசிவரை வரவில்லை. நல்ல கரிக்காரர் என்று ஒருநாளும் அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை.

அவர் குரு என்பது ஊரறிந்தது. மறைவாகப் பூசை வைக்கிறார் என்பதை என் மனைவி மலாங்கா என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் தலைவன் என்ற முறையில் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் தெரியாமலே இருந்தேன். அவர் ஆயர் என்பது மட்டும் உண்மையாகவே எனக்குத் தெரியாது. அறுபத்துநாலில் நடந்ததாம் அது. நாடுகடத்தலிலிருந்து திரும்பிய கிழட்டு ஆயர் ஒருவர், ஒரு நர்ஸம்மாள் வீட்டுச் சமையலறையில் இவர் தலையில் கைவைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலிருக்க ரேடியோவில் கால்பந்து. மகுடத்துக்குப் பதில் கம்பளிக் குல்லா. மறுநாள் எனக்கு முன்னால் வந்து சாம்பல் வாரியிருக்கிறார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

எழுபத்துமூன்றாம் வருஷம் ஏப்ரலில் மலாங்காவின் அப்பா ப்ரோகிப் செத்துப்போனார். வெர்பிவ்கா கிராமம், ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். "கையெழுத்துப் போட்ட சாமியார் என் குழிப்பக்கம் வந்தா எழுந்து ஓடிடுவேன்" என்று சொல்லிச் செத்தவர். எனவே குரு இல்லாத அடக்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்லறைக்குப் போனோம். ஊரே வந்திருந்தது, இருநூறு பேருக்குக் குறையாது. என் ஆட்களும் வந்திருந்தார்கள். ஷோல்த்ரா அதே கரிபடிந்த பஞ்சுக் கோட்டில் ஓர் ஓரமாக நின்றார். இரண்டாம் ஷிப்ட் ஸென்கோவும் வந்திருந்தான். கிழக்கேயிருந்து வந்தவன். எது கேட்டாலும் எங்காவது கொண்டுபோய்ச் சொல்கிறவன்.

எங்கள் வழக்கப்படி மண் தள்ளுவதற்கு முன் குழியை முத்திரை இட வேண்டும். குரு மண்வாரியை எடுத்து, குழியின் நாலு பக்கமும் சிலுவை போட்டு, கடைசித் தீர்ப்புநாள்வரை இந்தக் குழி மூடியிருக்கட்டும் என்று சொல்வார். அது இல்லாவிட்டால் செத்தவர் மூடாத வீட்டில் படுத்த மாதிரி என்று எங்கள் பெண்கள் அழுவார்கள். குழி வெட்டியவன் கையிலிருந்த மண்வாரியை ஷோல்த்ரா வாங்கினார். நாலு பக்கமும் போட்டார். தெரியாதவன் பார்த்தால் ஒரு கரிக்காரன் மண் தள்ளுகிறான் என்றுதான் நினைப்பான். அதுவரைக்கும் சரி.

அப்போது முன்வரிசைக் கிழவி ஒருத்தி முட்டி போட்டாள். பக்கத்தில் இன்னொருத்தி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேற்றில் இருநூறு பேரும் முட்டி போட்டுவிட்டார்கள். ஷோல்த்ரா நிமிர்ந்தார். மண்வாரியைக் கீழே போட்டார். இரண்டு கையையும் தூக்கி, ஒன்றை ஒன்று குறுக்கே கடக்க, கூட்டத்தை ஆசீர்வதித்தார்.

நான் அந்தக் கைகளையே பார்த்தேன். குரு ஒரு கையால்தான் ஆசீர்வதிப்பார். இரண்டு கை ஆயருக்கு மட்டும். பத்து வயதில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் கோவிலுக்கு ஆயர் வந்தார். ஒரு கையில் இரண்டு மெழுகுவர்த்தி, மறு கையில் மூன்று, இரண்டையும் இப்படித்தான் குறுக்கே கடக்கவிட்டு வீசினார். மெழுகு சொட்டி என் புறங்கையில் விழுந்தது. மறக்குமா? இவர் கையில் மெழுகுவர்த்தி இல்லை, கரிதான் இருந்தது. வேறு வித்தியாசம் இல்லை. அவருக்கும் உடனே உறைத்தது. கையை இறக்கி மண்வாரியைத் தேடினார். தப்பு நடந்து முடிந்திருந்தது. ஸென்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் ஷோல்த்ராவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் எனக்கு ஆள் வந்தது.

கிளம்பும்போது மலாங்கா வாசலை மறித்து நின்றாள்.

"என்ன சொல்லப் போற?"

"பாத்ததச் சொல்லுவேன்."

"மனுஷா, எங்கப்பனைப் புதைச்சவரு அவரு."

"நான்தான் கூப்பிட்டேனா? நீதானே கூப்பிட்ட. பத்தொன்பது வருஷமா கட்டிக் காத்த நாற்காலிடி அது. உன் சாமிக்காக நான் கரிக்குழிக்குப் போகணுமா?"

"சொல்லிட்டு வா. வந்து உன் கஞ்சிய நீயே காய்ச்சிக்கோ. உன் சட்டையையும் ஸென்கோகிட்டயே குடுத்துத் தோய்ச்சுக்கோ."

வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு. ஒளிக்கவில்லை.

அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். உள்ளே இருந்தவர் கேப்டன் ரியாபோவ். வழுவழுவென்று சவரம் செய்த முகம். டீ கொடுத்தார். எனக்கு மரியாதை, தோழர் பிலிபிவ் என்று கூப்பிட்டார்.

"ஸென்கோ குடிகாரன். அவன் பேச்சு நீதிமன்றத்துல நிக்காது. நீங்க பதக்கம் வாங்கினவரு, மாமனார் சாவுல முன்னாடியே நின்னவரு. உங்க வார்த்தை நிக்கும். ஒரே கேள்வி. அவன் ஒரு கையால ஆசீர்வாதம் பண்ணினானா, ரெண்டு கையாலயா?"

"அதுல என்னங்க இருக்கு?"

"ஒரு கைன்னா சில்லறைச் சாமியார். பதினஞ்சு நாள் உள்ள, அபராதம், போயிடலாம். ரெண்டு கைன்னா தலை. மறைவுல இருக்கிறவனுங்களுக்குக் குருப்பட்டம் குடுக்கிற தலை. ஏழு வருஷம் முகாம், அஞ்சு வருஷம் நாடுகடத்தல். வயசு அறுபத்தஞ்சு, இதயம் பழுது." டீயைக் கலக்கினார். "கணக்குப் போட்டுக்குங்க. திரும்ப மாட்டான்."

நான் யோசித்தேன். என் புகைபோக்கியைப் பழித்தவர். குருவீட்டுப் பிள்ளை. நாய்த்தட்டில் ஊற்றிய பால் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், "ரெண்டு" என்பது நாக்கு நுனியில் இருந்தது.

அந்தச் சமயத்தில் கேப்டன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். தட்டச்சு செய்து முடித்த தாள். கீழே என் பெயர்.

"நீங்க சிரமப்பட வேண்டாம். எல்லாம் எழுதியாச்சு. நானே வாசிச்சுக் காட்டறேன். கீழ ஒரு பெருக்கல் குறி போட்டாக்கூடப் போதும்."

பெருக்கல் குறி! நான் சொல்வதற்கு முன்னாலேயே நான் சொன்னதை எழுதி வைத்திருக்கிறான். பெருக்கல் குறி போடுகிறவன் என்று என்னை நினைத்திருக்கிறான். நாய்த்தட்டில் பால் ஊற்றிய அந்த அம்மாள்கூட என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

"எனக்கு எழுதத் தெரியும்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. கையெழுத்தே போடுங்க."

"இதுல தப்பா இருக்குதுங்க. ஒரு கைதான்."

டீக் கரண்டி நின்றது.

"என்ன?"

"ஒரு கை. இன்னொரு கையில மண்வாரி வச்சிருந்தாரு. நான்தான் முன்னாடி நின்னேன்னு நீங்களே சொல்றீங்களே."

"மண்வாரி கீழ கிடந்துதுன்னு ஸென்கோ சொல்றான்."

"ஸென்கோவே கீழதாங்க கிடந்தான். வரும்போதே அரை பாட்டில் உள்ள போயிருந்துது. அவனுக்குக் கை நாலாத் தெரிஞ்சிருக்கும், ரெண்டுன்னு சொன்னதே பெரிசு."

கேப்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. மரியாதையும் போய்விட்டது.

"டேய், மாட்டுக்காரா. யோசிச்சுப் பேசு. தலைவன் நாற்காலி, பதக்கம் எல்லாம் ஒரே நாள்ல போகும். மாமனார் சாவுல சட்டவிரோதச் சடங்கு நடந்திருக்கு. உன் ஆளு, உன் வீட்டுச் சாவு. நீ பொறுப்பு."

"பொறுப்புதான். வெள்ளைத் தாள் குடுங்க."

கொடுத்தார். நானே எழுதினேன். மூன்று வரி, எழுத்துப் பிழையோடு. ஒரு கை என்று எழுதினேன். பிலிபிவ் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன், வாலை இழுத்து. மூன்று மணி நேரம் கத்தினார், மேசையைக் குத்தினார். எனக்குக் காது பழகியது. பாய்லர் அதைவிடச் சத்தம் போடும்.

விசுவாசத்தால் செய்தேன் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். நான் கோவிலுக்குப் போகாமல் அப்போது இருபத்தைந்து வருஷம். அவர்மேல் பிரியத்தாலும் இல்லை. ஒருவன் என் வாய்க்குள் அவன் வார்த்தையை வைத்தான், நான் துப்பினேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நாற்காலி போயிற்று. வேலையாட்கள் எல்லாரையும் கூட்டி, அவர்கள் முன்னால் நிற்க வைத்து, பதக்கத்தைக் கழற்றி வாங்கினார்கள். தலைவன் ஆனது யார்? ஸென்கோ. நான் ஷிப்ட் கரிக்காரன் ஆனேன். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் மண்வாரி. "வாங்க மேஸ்திரி, சாம்பல் வண்டி உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு" என்று ஸென்கோ பல்லைக் காட்டினான். ஆறே மாதத்தில் தண்ணீர் மட்டம் பார்க்காமல் குழாய் இரண்டை எரித்துவிட்டு என்னிடம்தான் ஓடி வந்தான். நான்தான் சரி செய்தேன். அதுவும் இரண்டே நாளில்.

ஷோல்த்ரா பதினைந்து நாள் கழித்து வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். இருவரும் இப்போது ஒரே ஷிப்ட், ஒரே அடுப்பு. வந்தவர் கோட்டை மாட்டினார், என் பக்கத்தில் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஹ்னாத், ஏன் பொய் சொன்னீங்க?"

எனக்குக் காதை நம்ப முடியவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"பொய் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. நான் உங்களைக் கேட்டேனா?"

"யோவ், நாற்காலி போச்சுய்யா எனக்கு! பதக்கம் போச்சு! உம்ம தலை இன்னும் உம்ம தோள்மேல இருக்குன்னா அது என் மூணு வரியால!"

"என்னையும் கேட்டாங்க. நான் ஒண்ணுன்னும் சொல்லல, ரெண்டுன்னும் சொல்லல. வாயை மூடிக்கிட்டிருந்தேன். என் மௌனம் என்னோடது. உங்க பொய் உங்களோடது. அதைத் தூக்கி என் முதுகுல வைக்காதீங்க."

"அப்ப நீங்க ஏன் ரெண்டு கையையும் தூக்கினீங்க? பெரிய புத்திசாலி! ஒரு கையை இடுப்புல வச்சிருந்தா நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

அவர் அடுப்புக் கதவைத் திறந்தார். கரியைக் கிளறினார்.

"ஆயர் ஆகி ஒன்பது வருஷமா மூடின ஜன்னலுக்குள்ள நாலு பேர், அஞ்சு பேர். அன்னைக்கு வானத்துக்குக் கீழ இருநூறு பேர் முட்டி போட்டாங்க. கை தானாப் போச்சு. அது என் தப்பு." அப்புறம் என்னை முறைத்தார். "உங்க தப்பை எங்கிட்ட வந்து சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. பரிகாரமா ஜெபம், விரதம்னு அபராதம் தர்றேன்."

அபராதம்! காப்பாற்றியவனுக்கு! மண்வாரியை எறிந்தேன். அது அடுப்புக் கதவில் மோதி, கதவில் ஒரு பள்ளம் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "நெருப்பு இறங்குது" என்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கரி, தண்ணீர், சாம்பல் இந்த மூன்று வார்த்தை தவிர எங்களுக்குள் பேச்சில்லை. பக்கத்தில் இருந்ததால்தான் பலதும் கண்ணில் பட்டது. பகல் ஷிப்டில் யார் யாரோ வருவார்கள். ஸ்பேனர் இரவல் கேட்டு வந்த தச்சன், குழாய் பார்க்க வந்த கணக்கு வாத்தியார். பாய்லர் விசிறியின் சத்தத்தில் சாம்பல் கதவுப் பக்கம் நின்று பத்து நிமிஷம் முணுமுணுப்பார்கள். ஸ்பேனரை எடுக்காமலே போவார்கள். என் பாய்லர் அறை! நான் கட்டிய அறையில் இவர் பாவம் கேட்டுக்கொண்டிருக்கிறார், குருப்பட்டத்துக்கு ஆள் தேர்ந்துகொண்டிருக்கிறார். ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன்.

"ஸ்பேனர் கேட்டு வர்றவன் கையில ஒரு தடவையாவது ஸ்பேனரைக் குடுத்தனுப்புங்க. ஸென்கோ முட்டாள்தான், குருடன் இல்ல."

அன்றிலிருந்து கொடுத்தனுப்பினார். நாலு ஸ்பேனர் திரும்பி வரவில்லை. அதற்கும் சண்டை போட்டேன்.

எண்பத்துநாலு மே மாதம் அவர் படுத்தார். இதயம்தான். ரயில் நிலையத்துப் பின்னால் ஒரு விதவை வீட்டில் வாடகை அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், சுவரில் ஒன்றுமில்லை. மலாங்கா கோழிச்சாறு கொடுத்து, கொண்டுபோய்க் கொடுத்தே ஆக வேண்டும் என்று விரட்டினாள். மத்தியானம் போனேன். ஜன்னலில் வெயில் அடித்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலம்.

"சாறு. சூடா இருக்கு, குடிங்க."

"புதன்கிழமை."

"சாகக் கிடக்கிறவருக்கு விரதம் கிடையாதுன்னு உங்க சட்டத்துலயே இருக்குன்னு மலாங்கா சொல்லச் சொன்னா."

"உங்களைவிட அவளுக்கு நல்லாத் தெரியும்." கிண்ணத்தை வாங்கவில்லை. "ஹ்னாத், உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பழைய அபராதத்தைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன், காரமான பதில்.

"அந்த மூணு வரி," என்றார். மூச்சு வாங்கியது. "பொய்யின்னு உங்களைத் திட்டினேன். பொய்தான். ஆனா அன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து அதுக்காக சந்தோஷப்பட்டேன். தினமும் காலையில கண்ணைத் திறந்தா, வெளியில இருக்கேன்னு சந்தோஷம். பதினோரு வருஷம். அந்த சந்தோஷத்தைப் பாவம்னு மாசாமாசம் பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேன். அடுத்த மாசம் மறுபடியும் அதே. விட முடியல."

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காரமான பதில் எங்கோ போய்விட்டது.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இருக்காங்க. இந்தப் பதினோரு வருஷத்துல பதினாறு பேருக்குப் பட்டம் குடுத்திருக்கேன். அவங்ககிட்டதான்."

"பதினாறா? என் ஸ்பேனர் வாங்கிட்டுப் போன தச்சனுமா?"

"அவர்தான் முதல்."

"அப்ப நீங்க எனக்கு நன்றி சொல்றீங்க."

"இல்ல," என்றார், அந்த நிலைமையிலும் கண்ணில் அதே முறைப்பு. "பொய்க்கு நன்றி சொல்ல மாட்டேன். மன்னிப்புக் கேக்கறேன். உங்களைத் திட்டிட்டு, உங்க செலவுல பதினோரு வருஷம் சந்தோஷமா இருந்ததுக்கு."

ஓர் ஆயர் நாலாம் வகுப்புக்காரனிடம் மன்னிப்புக் கேட்கிறார். எழுந்து நின்றேன். ஆயர் கையை முத்தமிடுவதுதான் வழக்கம். நான் செய்யவில்லை. எனக்கு அது வராது.

"சரி விடுங்க," என்றேன். "சாறு ஆறுது. குடிங்க."

இரண்டு வாய் குடித்தார். மூன்றாவதைத் தள்ளிவிட்டு, மலாங்கா உப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள் என்று குறை சொன்னார். மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் போய்விட்டார்.